இரண்டாவது ஆள்

ஓசூர் லாரி பெட்டிகளை இறக்கிப் போன மறுநாள்,
குக்கரைத் தேடி எடுக்கும் முன்பே
பிள்ளையை விட ஓர் இடம் தேடினேன்.
திங்கட்கிழமை கங்கைகொண்டானில் வேலைக்குச் சேர வேண்டும்.
அவருக்கு நோட்டீஸ் காலம் முடிய ஐம்பது நாள்.
மிதுளாவுக்கு மூன்று வயது நிறைய
ஐம்பத்திரண்டு.

மகாராஜ நகரில்
வாசலிலேயே பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி.
பதினாறு கேமரா, செல்போனிலேயே பார்க்கலாம் என்றார்கள்.
பார்த்தேன்.
பதினாறு கட்டத்திலும் பிள்ளைகள்
கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பெருமாள்புரத்தில்
'ரெண்டே மாசம் மேடம், இங்கிலீஷ்ல சண்டை போடுவா.'
கழிப்பறையைக் காட்டச் சொன்னேன்.
சாவி யாரிடம் என்று மூன்று பேர் தேடினார்கள்.

என்.ஜி.ஓ. காலனியில் இடமில்லை.
கே.டி.சி. நகரில் சுவரில் ஒட்டியிருந்தது:
உறக்கம், பன்னிரண்டரை முதல் இரண்டு வரை.
உறங்காவிட்டால்?
'உறங்கிருவாங்க' என்று சொன்ன குரல்
எனக்குப் பிடிக்கவில்லை.
'பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா'
என்றார் ஆட்டோக்காரர்.
அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

சமாதானபுரத்தில், சர்ச்சுக்குப் பின்சந்தில்
பெயர்ப்பலகையின் பாதி எழுத்தை
ஐப்பசி மழை தின்றிருந்தது.
ஒரு பையனுக்கு மூக்குச் சிந்திவிட்டபடியே
'இருங்க, இந்தா வாரேன்' என்றார் குளோரி டீச்சர்.
வாஷ்பேசின் என் முழங்கால் உயரத்தில் இருந்தது.
பையை அங்கேதான் கீழே வைத்தேன்.

நீள நோட்டு ஒன்றை விரித்தார்.
'உறங்கும்போது எதப் புடிச்சிக்கிடுவா?'

காலையிலிருந்து நாலு இடம்.
என் காதுமடலை, என்றேன்.
இடது காது. கம்மலைக் கழற்றிவிட வேண்டும்.
எழுதிக்கொண்டார்.
மேல் வரிகளைத் தலைகீழாகப் படித்தேன்.
ஆல்ட்ரின்: தலையணை உறையின் முனை.
ரிஃபா: ஒன்றும் வேண்டாம், யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.
சுடலைமுத்து: உறங்க மாட்டான், விட்டுவிடவும்.
'காது எனக்கும் ரெண்டு இருக்குல்லா' என்றார்.

பிறகு அடுத்த கட்டம்.
'ஒங்களப் புடிக்க முடியலன்னா
ரெண்டாவது யாரக் கூப்பிடணும்?'

செல்போனில் எண்ணூறு பேர்.
எல்லாரும் ஓசூரில், பெங்களூரில்,
ஒருத்தி கனடாவில்.
இந்த ஊரில் கேஸ் போடுகிறவர் மட்டும்.
'காலியா கெடக்கட்டும்' என்று பேனாவை மூடினார்.

முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.
வண்ணார்பேட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
இடது காதைத் தொட்டேன்.
கம்மல் போட மறந்திருந்தேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம்,
செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தில்
சுடலைமுத்துவின் அம்மா என்னை நிறுத்தினாள்.
காக்கிச் சட்டைக்கு மேல் துப்பட்டா.
கொக்கிரகுளத்தில், பெண்கள் சிறையில் காவல்.
அடுத்த வாரம் ஷிப்ட் மாறுகிறதாம்.
'ஏக்கா, ஒண்ணு கேப்பேன், சங்கடப்படக் கூடாது.
ரெண்டாவது ஆளுன்னு ஒங்க நம்பரப் போட்டுக்கிடட்டுமா?
தூத்துக்குடியிலருந்து மாத்தி மூணு மாசந்தான் ஆவுது.
இங்க எனக்கு யாரத் தெரியும்?'

சொன்னேன்.
புது சிம். ஏழாவது இலக்கத்தில் தடுமாறினேன்,
முதலிலிருந்து சொன்னேன்.
ஒரு கையால் எழுதிக்கொண்டே
மறு கையால் மகன் தெருவுக்கு ஓடாமல்
காலரைப் பிடித்திருந்தாள்.
அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.
இவளா, என்பதுபோல.

என் வரியில் அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.
நாளைக்குக் கேட்க வேண்டும்.
அவள் பெயரையும் கேட்க வேண்டும்.
இப்போதைக்கு செல்போனில்
'சுடலை அம்மா' என்று பதிந்திருக்கிறேன்.